காருக்கு வில்லங்கம் பார்ப்பது

2021ஆம் வருடம் ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு வாங்கினேன். ஒன்று, எங்கள் வயலை ஒட்டிய இரண்டு மா, அதாவது முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம். இன்னொன்று, 2012இல் சென்னையில் பதிவான மினி கூப்பர் எஸ் கார். நிலத்துக்கு நான்கு மாதம் எடுத்துக்கொண்டோம். முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். மூலப்பத்திரத்தை எழுத்தர் வீட்டில் வைத்து வரிவரியாகப் படித்தோம். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் ஒத்துப்போகிறதா, பங்காளிகளில் கையெழுத்துப் போட வேண்டியவர் யாராவது வெளிநாட்டில் இருக்கிறாரா, வாய்க்கால் தண்ணீர் எந்த மடை வழியாக வருகிறது, வடிகால் எந்தப் பக்கம் என்று விசாரித்தோம். பத்திரத்தில் இல்லாத ஒன்றையும் அப்பா பார்த்தார். பக்கத்து வயல்காரரிடம், “மழை பெஞ்சா இதுல எத்தன நாள் தண்ணி நிக்கும்?” என்று கேட்டார். அவர் மறைக்காமல், “தெக்கால மூலையில நாலு நாள் நிக்கும்ணே” என்றார். அந்த நாலு நாளுக்குத் தகுந்தபடி விலை குறைந்தது. யாருக்கும் மனவருத்தம் இல்லை.

காரைப் பதினோரு நாளில் வாங்கினேன். கைப்பேசியில் வந்த புகைப்படங்கள், அரை மணி நேர ஓட்டம், கிலோமீட்டர் கணக்கு, ஆர்சி. அவ்வளவுதான். எத்தனை நாள் தண்ணீரில் நின்றது என்று கேட்கவே இல்லை. காரிடம் கேட்கும் கேள்வியாகவே அது எனக்குத் தோன்றவில்லை.

நீடாமங்கலத்தில் டிராக்டர், கதிர் அறுக்கும் இயந்திரம் இவற்றுக்கான உதிரிப் பாகங்கள் விற்கிறேன். அதற்கு முன் பதினொரு வருடம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. அங்கே குடியிருப்புக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் தினமும் ஒரு சிவப்பு மினியைக் கடந்துதான் பேருந்துக்குப் போவேன். சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்வதற்கான உரிமைச் சான்றிதழே பத்து வருடத்துக்குத்தான். அதைப் புதுப்பிக்க ஆகும் செலவைப் பார்த்தே நல்ல நிலையில் இருக்கும் வண்டியைக் கூடப் பலர் கழித்துவிடுவார்கள். அந்தச் சிவப்பு வண்டியும் ஒருநாள் இல்லாமல் போனது. அப்போதுதான் அந்த வண்டியின் கதையைத் தேடிப் படித்தேன். 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததால் பிறந்த சிறிய கார் அது. வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகப் படுக்க வைத்து, சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளிவிட்டார். 1959இல் விற்பனைக்கு வந்தது. 1964இல் மாண்டி கார்லோ ராலியில் தன்னைவிடப் பெரிய எஞ்சின் வைத்த வண்டிகளை முந்திக்கொண்டு ஜெயித்தது. சின்ன உருவம், பெரிய வேலை. ஊருக்குத் திரும்பினால் ஒருநாள் வாங்குவேன் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

நான் வாங்கியது பிஎம்டபிள்யூ கைக்கு வந்தபிறகு ஆக்ஸ்ஃபோர்டில் தயாரான இரண்டாம் தலைமுறை வண்டி. 1,598 சிசி டர்போ எஞ்சின், 184 குதிரைத்திறன். 2012இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 25 லட்சத்துக்கு மேல். முழுதாகக் கட்டி முடித்த காரைக் கப்பலில் இறக்கினால் சுங்கத் தீர்வை மட்டுமே 60 சதவீதத்துக்குக் குறையாத காலம் அது. ஒன்பது வருடம் கழித்து எனக்கு 7 லட்சத்து 80 ஆயிரத்துக்குக் கிடைத்தது. அதே வருடத்து வண்டிக்கு மற்றவர்கள் பத்து, பதினொன்று என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியை என் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். பழைய இறக்குமதி வண்டி வாங்குகிற எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்று இப்போது தெரிகிறது. வண்டியின் விலை வருடா வருடம் இறங்கும். அதன் பாகங்களின் விலை இறங்காது. எட்டு லட்சத்துக்கு வாங்கினாலும், ஒரு விளக்கு உடைந்தால் 25 லட்ச ரூபாய் காரின் விளக்குக்குத்தான் பணம் கட்ட வேண்டும்.

ஆற்றங்கரைச் சாலை

“இந்த ரோட்டுக்கு இது எதுக்கு?” ஊரில் என்னிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் பக்கத்துச் சாலைகள் பெரும்பாலும் ஆற்றங்கரைகள். ஆறு வளைந்தால் சாலையும் வளையும். சட்ரஸ் (மதகு) வந்தால் சுருங்கும். புரட்டாசியில் குறுவை அறுப்பு முடிந்தால் பாதிச் சாலையில் நெல் காயும். தரைக்கு நெருக்கமாக உட்காரும் வண்டிக்கு ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு பரீட்சை. போதாக்குறைக்கு இதில் ஸ்டெப்னி கிடையாது. காற்று இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வரைக்கும் ஓட்டிப் போகலாம் என்று பக்கச்சுவரைத் தடிப்பாகச் செய்த ரன்-ஃப்ளாட் டயர்கள். ஓடும், உண்மைதான். ஆனால் பள்ளத்தில் இறங்கினால் அந்தக் கெட்டியான சுவர் அடியை விழுங்காது; அப்படியே முதுகுக்கு அனுப்பிவிடும். டயர் போனால் நம் ஊர்க் கடையில் கிடைக்காது. திருச்சிக்குச் சொல்லிவிட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.

ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்புப் பக்கம் விடிகாலையில் வந்து பாருங்கள். கரைச்சாலையில் ஆள் இருக்காது. நான் மணிக்கு 50, 60க்கு மேல் போவதில்லை. இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே தன் முழு இழுவையையும் தந்துவிடும். அதனால் அலறவிட வேண்டிய தேவையே இல்லை. வளைவில் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினோமோ அவ்வளவு, ஒரு நூல் கூடக் குறைவும் இல்லை, அதிகமும் இல்லை, வண்டி திரும்பும். சாலையின் மேல்தோல் எப்படி இருக்கிறது என்பது உள்ளங்கைக்குத் தெரியும். வேகத்துக்காகத்தான் இப்படிப்பட்ட வண்டியை வாங்குகிறார்கள் என்று நினைப்பவர்கள் அதை ஓட்டிப் பார்த்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி கேட்கிற இயந்திரம் கையில் இருப்பது தனி நிம்மதி. நல்ல கலப்பை கிடைத்த உழவருக்கு இது புரியும்.

ஆகஸ்டில் வாங்கினேன். அக்டோபர் வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது.

வாடை

ஐப்பசி மழை பிடித்த மூன்றாவது நாள், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிறேன். அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், ஒரு சரக்கு ரயில் எஞ்சின் மாற்றிப் போகிற நேரத்தில் வீட்டுக்கணக்கையே எழுதி முடித்துவிடலாம். ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கப் பார்த்தேன். இறங்கவில்லை. சற்று நேரத்தில் முன்விளக்குகள் தாமாகவே எரிந்தன. அணைத்தால் அணையவில்லை. பூட்டிக் கிடந்த வண்டிக்குள் ஒரு வாடை மெல்ல ஏறியது. எனக்கு மிக நன்றாகத் தெரிந்த வாடை. தண்ணீர் வடிந்தபிறகு அழுகிய சம்பா நாற்றிலிருந்து வருமே, அது. மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மனம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மிதியடியில் மழைத்தண்ணீர் சொட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கும்பகோணத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். சென்னையில் இருபது வருடம் ஐரோப்பிய வண்டிகள் பார்த்தவர். ஸ்கேனரைச் செருகினார். பிழைக் குறியீடுகள் திரையில் நிற்காமல் வந்துகொண்டே இருந்தன. அவர் அதைப் படிக்கவில்லை. ஸ்கேனரை ஓரமாக வைத்துவிட்டு, ஓட்டுநர் பக்க சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். நாம் மாட்டுகிற அளவுக்கு இழுத்து நிறுத்தவில்லை. சுருளின் கடைசி வரைக்கும் இழுத்தார். மேலே நல்ல கறுப்பாக இருந்த நாடா, கீழே சுருளுக்குள் கிடந்த இடத்தில் வெளிறிப்போய், அலை அலையாகப் பழுப்புக் கறை பிடித்திருந்தது.

எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் அப்படி ஒரு கோடு இருக்கிறது. 2008இல் நிஷா புயல் மழைக்கு வந்த தண்ணீர் போட்ட கோடு. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மழைக்காலத்தில் தலைகாட்டும். அந்தக் கோட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அண்ணன் ஒன்றும் பேசாமல் இருக்கையின் போல்ட்டுகளைக் கழற்றினார். தலைப்பில் பெயிண்ட் உரிந்து, ஏற்கெனவே ஒருமுறை ஸ்பானர் பட்ட தடம் இருந்தது. கார்ப்பெட்டைப் பாதிவரை உரித்தார். அடியிலிருந்த பஞ்சு இன்னும் ஈரமாக இருந்தது. அதற்கும் கீழே, தகட்டின் மடிப்புகளில், யார் துடைப்பமும் எட்டாத இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். மாவு போல இருந்தது. மணல் இல்லை, களியும் இல்லை. வண்டல். எங்கள் தலைமுறைகள் சாப்பிட்டது வண்டலால்தான். ஆடிப்பெருக்குக்கு நாங்கள் கும்பிடுவது அந்த வண்டல் கொண்டுவருகிற தண்ணீரைத்தான். அதைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

“சென்னை வண்டியா தம்பி? ரெண்டாவது பேரு எப்ப மாறிச்சு?” என்று கேட்டார். விற்றவர் கொடுத்த பழைய காகிதங்களின் நகலில் இருந்தது: 2016 ஏப்ரல். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாறு கரையுடைத்த பிறகு நான்கு மாதம். அந்தத் தேதி வாங்கும்போதே என் கண்ணில் பட்டிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

அண்ணன் சொல்லித்தான் முழுக்கதையும் புரிந்தது. அடுக்குமாடியின் தரைக்கடியில் நின்ற வண்டி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீருக்குள் போயிருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது; கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இந்த வண்டி அணைந்து கிடந்தபோதே மூழ்கியது. அதனால் எஞ்சின் தப்பித்தது. ஓட்டிப் பார்த்த அரை மணி நேரத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியாததற்கு அதுதான் காரணம். கெட்டது வயரிங். விளக்குகளையும் கண்ணாடிகளையும் ஆளுகிற மின்னணுப் பெட்டி, கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில், தரைக்குச் சற்று மேலே இருக்கிறது. அதன் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வருடக்கணக்கில் மெதுவாக அரித்து, மழையின் ஈரம் பட்டதும் தன் வேலையைக் காட்டிவிட்டது.

பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டம் என்று முடிவு செய்வார்கள். உரிமையாளருக்குப் பணம் வந்துவிடும். வண்டி இருக்கும் நிலையிலேயே ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் கழுவி, காயவைத்து, இருக்கை உறை மாற்றி விற்பார். அரசு இணையதளத்தில் எத்தனையாவது உரிமையாளர், கடன் இருக்கிறதா, காப்பீடு எதுவரை என்றெல்லாம் தெரியும். மூழ்கியதா என்று தெரியாது. பழைய காப்பீட்டுப் பத்திரங்களில் மட்டும் ஒரு தடயம் கிடைக்கும். இழப்பீடு கேட்காத உரிமையாளருக்கு வருடா வருடம் ஏறிவரும் தள்ளுபடியான நோ-கிளெய்ம் போனஸ், பெயர் மாறாமலேயே ஒரு வருடம் திடீரென்று பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால், அதற்கு முந்தைய வருடம் ஏதோ நடந்திருக்கிறது. எனக்கு விற்றவரிடம் பழைய பத்திரங்கள் கேட்டிருந்தேன். “தொலஞ்சிடுச்சு சார்” என்றார். நிலம் விற்கிறவர் மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது என்று சொன்னால் அப்பா அன்றைக்கே எழுந்து வந்திருப்பார்.

நான் சொன்ன ஒரு வாக்கியம்

அப்புறம் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். மச்சான் சொன்னது: “தொடைச்சு, காயவச்சு, கோடைக்குள்ள தள்ளிவிட்டுடுங்க மாமா. உங்களுக்கு ஒருத்தன் பண்ணினான், நீங்க ஒருத்தனுக்கு.” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்காவின் குடும்பப் பணம் ஒரு தகர டப்பாவில் மாட்டிக்கொண்டதே என்ற கவலையில் சொன்னார். என் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் மாசியில் விளம்பரம் போட்டேன். மழை இல்லாத மாதம், வாடை இல்லை, கண்ணாடி ஏறி இறங்கியது. விளம்பரத்தில் பொய் எழுதவில்லை. உண்மையையும் எழுதவில்லை.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். அவரும் சிங்கப்பூர்தான், மூன்று மாதம் முன்புதான் திரும்பியிருந்தார். கூடவே மனைவியும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும். குழந்தை நேராகப் போய்ப் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தம்பி ஸ்டீயரிங்கைப் பிடித்த விதத்தைப் பார்த்தேன். கழுவித் துடைத்த கையால் சாமி படத்தைத் தொடுவது போல. நான் பிடித்ததும் அப்படித்தான். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். நல்ல நேரம் பார்த்துப் பத்தரைக்குக் கொடுக்கலாம் என்று அவர் மனைவி சொன்னார். பத்து இருபது இருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஏர்பேக்கை இயக்குகிற பெட்டி இரண்டு முன்னிருக்கைக்கும் நடுவே, தரையோடு ஒட்டி இருக்கிறது. தண்ணீரில் மூழ்கிய பெட்டி. விபத்து நேரத்தில் அது வேலை செய்யுமா என்று எந்த ஓட்டத்திலும் சோதித்துப் பார்க்க முடியாது. மச்சான் சொன்ன கணக்கு பணத்தோடு முடிகிற கணக்கு. இது அப்படி முடியாது. நான் ஏமாந்தேன் என்பதற்காக இந்தக் குழந்தையின் அப்பாவை, யாரும் சோதிக்க முடியாத ஒரு பெட்டியை நம்பி அனுப்பலாமா?

“தம்பி, அந்த பெல்ட்டக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க” என்றேன்.

இழுத்தார். பார்த்தார். அவரும் டெல்டாக்காரர், விளக்கம் தேவைப்படவில்லை. “எவ்வளவு தண்ணிண்ணே?” என்று மட்டும் கேட்டார். கையை இருக்கை உயரத்துக்குக் காட்டினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கோபப்படவில்லை. காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள். போகும்போது என் எண்ணை வாங்கிக்கொண்டார். மச்சான் என்னோடு சித்திரை வரைக்கும் பேசவில்லை.

பிறகு வண்டியை விற்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். பதினான்கு மாதம், 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயரிங்கை அண்ணன் இணைப்பு இணைப்பாகப் பிரித்து, அரித்ததை வெட்டிவிட்டுப் புதிதாகக் கோத்தார். விளக்குப் பெட்டியைச் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடிக் கிடைக்காமல், கடைசியில் டெல்லி மாயாபுரியிலிருந்து வரவழைத்து, இந்த வண்டிக்கு ஏற்றபடி கோடிங் செய்தோம். ஏர்பேக் பெட்டியையும் பெல்ட்டுகளையும் மட்டும் பழையதில் தேடவில்லை. புதிதாகவே வாங்கிப் போட்டேன். அந்த மூன்று பொருளின் பில்லைப் பார்த்துவிட்டு மனைவி, “சரி, இதுக்குக் கணக்குப் பாக்காதீங்க” என்றாள். அவள் அந்த விஷயத்தில் வாயைத் திறந்து சொன்னது அது ஒன்றுதான்.

இப்போது காரின் கையுறைப் பெட்டியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில், 2015 டிசம்பரில் இருக்கை உயரம் வரை வெள்ளத்தில் நின்ற வண்டி என்று எழுதியிருக்கிறேன். அடுத்த பக்கங்களில் மாற்றியது, மாற்றாதது, தேதி, கிலோமீட்டர், பில் எண். டயரின் பக்கச்சுவரில் வாரமும் வருடமுமாக நான்கு இலக்கத்தில் இருக்கும் தயாரிப்புக் குறியைக் கூட எழுதி வைத்திருக்கிறேன். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கள் பங்கில் எப்போதிலிருந்து வருகிறது என்பதையும் குறித்திருக்கிறேன். 10 சதவீதம் வரைக்கும் என்று நினைத்துச் செய்த வண்டி இது, ரப்பர் குழாய்களை அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2027இல் பதினைந்து வருடம் முடிகிறது, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். நான் விற்றாலும், எனக்குப் பிறகு பையன் விற்றாலும், அந்த நோட்டு வண்டியோடு போகும். கழற்றிய பெல்ட் கடையில் கல்லாவுக்குப் பின்னால் தொங்குகிறது. பழைய கார் வாங்கப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் அதை எடுத்துக் காட்டாமல் அனுப்புவதில்லை.

போன மாதம் ஒரு மதியம், அறுப்பு சீசன், கடையில் நிற்க இடமில்லை. பட்டுக்கோட்டைத் தம்பியிடமிருந்து போன். கோயம்புத்தூரில் ஒரு வண்டி பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பின்னால் குழந்தையின் குரல் கேட்டது.

“அண்ணே, பெல்ட் கடைசி வரைக்கும் சுத்தமா இருக்கு. போதுமா?”

“பெல்ட் புதுசா, பழசா?”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, “வண்டி 2014ண்ணே. பெல்ட்டுல இருக்குற துணிச்சீட்டுல 2019ன்னு போட்டுருக்கு” என்றார்.

“அப்ப சீட்டக் கழட்டச் சொல்லுங்க தம்பி. நான் லைன்லயே இருக்கேன்.”